வெண்டைக்காய்க் கொழகொழப்பில் காகிதம்: மினோவில் பார்த்தது, கோவையில் செய்தது

நோட்டுப் புத்தகம் தைப்பது என் பழைய பொழுதுபோக்கு. கடையில் காகிதம் வாங்கி, மடித்து, மெழுகு தேய்த்த நூலால் தைத்து, அட்டை ஒட்டித் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பேன். தம்பி நாகோயாவில் வேலை பார்க்கிறான். போன நவம்பரில் அவனைப் பார்க்கப் போனபோது, அங்கிருந்து போய்வரும் தூரத்தில் மினோ என்று ஓர் ஊர் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கையால் ஒரு காகிதம் எடுத்துப் பார்க்கலாம் என்று தெரிந்தது. "ஏன்க்கா, ஊருக்கு வர்றவங்க எல்லாம் கியோட்டோ போறாங்க, நீ காகிதம் பார்க்கப் போறியா?" என்று கேட்டான், கேட்டுவிட்டுக் கூடவே வந்தான்.

மினோ இருப்பது கிஃபு மாகாணத்தில். மினோ ஓட்டாவில் இறங்கி நாகராகாவா ரயில்வேயின் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டியைப் பிடித்தோம். இந்தப் பகுதியின் காகிதம் சும்மா பழசு இல்லை. 702ஆம் ஆண்டு அன்றைய மினோ மாகாணத்தில் எடுத்த குடிக்கணக்கு, காகிதத்தில் எழுதியது, நாராவில் உள்ள ஷோசோயின் கருவூலத்தில் இன்னும் இருக்கிறது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜப்பானியக் கைக்காகிதம் சேர்ந்தபோது அதில் வந்த மூன்றில் ஒன்று இங்கே எடுக்கும் ஹோன் மினோஷி, மற்ற இரண்டும் ஷிமானே, சைதாமா மாகாணங்களுடையவை. ஊருக்குள் பழைய காகித வியாபாரிகளின் வீட்டுத் தெரு இருக்கிறது, தீ பக்கத்து வீட்டுக்குத் தாவாமலிருக்கக் கூரையின் இரு ஓரத்திலும் சுவரை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், பிறகு யார் வீட்டுச் சுவர் அழகு என்பதே போட்டியாகிவிட்டது. தெருவைச் சுற்றியதோடு சரி, நேராக வராபி பக்கம் இதாதோரி ஆற்றை ஒட்டியிருக்கும் மினோ வாஷி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பயணிகளுக்கான இந்தப் பயிற்சியில் நாம் செய்வது கடைசி ஒரு படி மட்டும்தான். கோசோ என்ற செடியின் பட்டையிலிருந்து நார் வருகிறது. குளிர்காலத்தில் கிளைகளை வெட்டி, ஆவியில் வேகவைத்துப் பட்டையை உரித்து, மேல்தோலைச் சுரண்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, சோடா போட்டு மணிக்கணக்கில் வேகவைத்து, ஓடும் தண்ணீரில் உட்கார்ந்து தூசு துரும்பை விரலால் பொறுக்கி, அடித்துப் பிரித்து, அதற்கப்புறம்தான் தொட்டிக்கு வரும். நமக்குக் கிடைப்பது அந்தத் தொட்டி. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் எனக்கு வேண்டிய விஷயம் இருந்தது.

தொட்டியைப் பார்த்தால் நீராகாரம் மாதிரி இருந்தது, அவ்வளவு தண்ணியாக. சொல்லிக் கொடுத்த அம்மா ஒரு வாளியிலிருந்து ஏதோ கெட்டியான திரவத்தை முகந்து ஊற்றிக் கழியால் கலக்கினார். கழியைத் தூக்கியபோது நுனியிலிருந்து சொட்டு சொட்டாக விழவில்லை, ஒரே இழையாக இறங்கி, நடுவில் மெலிந்து, அறுந்து மேலே சுருண்டது. தம்பி கேட்டுச் சொன்னான், அது தொரோரோ அஓய் என்ற செடியின் வேரை நசுக்கி ஊறவைத்து எடுத்த கொழகொழப்பு, பெயர் நெரி. சுவரில் செடியின் படம் இருந்தது. மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. எனக்குப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நம் வெண்டைப் பூவேதான். இரண்டும் ஒரே பேரினம், அபெல்மோஸ்கஸ்.

இந்த நெரியைப் பசை என்று நினைத்தேன், பலரும் அப்படித்தான் நினைப்பார்கள் போல. ஒட்டுவது அதன் வேலையே இல்லை. நாரும் நாரும் காயும்போது தாமாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நெரி செய்வது வேறு இரண்டு காரியம். கோசோ நார் நீளம், சுமார் 10 மில்லிமீட்டர் வரும் (ஆலைக் காகிதத்தின் மரக்கூழ் நார் பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான்), வெறும் தண்ணீரில் விட்டால் சிக்கு விழுந்து உருண்டையாக அடியில் போய்விடும். நெரி சேர்ந்த தண்ணீரில் ஒவ்வொரு நாரும் தனித்தனியாக மிதந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, கூழை அள்ளும் மரச்சட்டத்திலிருந்து தண்ணீர் வடியும் வேகத்தைக் குறைக்கும். குறைத்தால்தான் ஆட்ட நேரம் கிடைக்கும். அந்த ஆட்டலில்தான் தொழிலே இருக்கிறது.

சட்டத்துக்குப் பெயர் சுகேதா. ஹினோக்கி மரத்தில் கீல் வைத்த இரண்டு சட்டங்கள், நடுவில் மெல்லிய மூங்கில் ஈர்க்குகளை நூலால் கட்டிய பாய். அதை நம் பக்கமாகச் சாய்த்துத் தொட்டியில் முக்கி, கூழை அள்ளி, சமமாகத் தூக்கி, முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும், அப்புறம் இடம் வலமாக. மினோக்காரர்களின் அடையாளமே இந்த இரண்டாவது ஆட்டல்தான், நார் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்ளும், வெளிச்சத்தில் பிடித்தால் திட்டுத்திட்டாகத் தெரியாது. நான் கொஞ்சம் வேகமாக ஆட்டினேன் போலிருக்கிறது, அந்த அம்மா பின்னாலிருந்து என் மணிக்கட்டுகளைப் பிடித்து "யுக்குரி, யுக்குரி" என்று மெதுவாக்கினார். கை வழியாக அப்போதுதான் அது புரிந்தது. பாயின் மேல் தண்ணீர் ஒரு பாளமாக நகர்கிறது, ஓரத்தில் போய் முட்டித் திரும்புகிறது, ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் கொஞ்சம் கனம் கூடுகிறது, திடீரென்று ஒரு கணத்தில் நகர்வது நின்று பாய் மங்கலாகிவிடுகிறது. அதற்கு மேல் ஆட்டினால் கெட்டுவிடும்.

மேலே மேப்பிள் இலை பதிக்கலாம், வண்ணக் கூழ் தெளிக்கலாம் என்றார்கள். என் அபிப்பிராயம், வேண்டாம். இலை வைத்தால் எல்லோரும் இலையைத்தான் பார்ப்பார்கள், காகிதத்தைப் பார்க்க மாட்டார்கள். வெறுமையாக ஒன்று கேட்டேன். உறிஞ்சிக் கருவியால் தண்ணீரை இழுத்து, சூடான உலோகத் தகட்டில் தூரிகையால் ஒட்டிக் காயவைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். தொழிற்பட்டறையில் இந்த அவசரம் கிடையாது. ஈரக் காகிதத்தை ஒன்றின் மேல் ஒன்றாக, இடையில் துணிகூட இல்லாமல் அடுக்கி, மெதுவாக எடை ஏற்றி அழுத்தி, பிறகு ஒவ்வொன்றாக உரித்துப் பலகையில் ஒட்டி வெயிலில் வைப்பார்கள். அத்தனை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் உரிந்து வருகிறதே என்றால், அதுவும் நெரியின் உபயம்தான்.

கோவைக்குத் திரும்பியதும் இதை வீட்டில் செய்து பார்க்கும் ஆசை விடவில்லை. கோசோவுக்கு எங்கே போவது? ஆனால் அது முசுக்கொட்டைக் குடும்பம். சீனாவின் சின்ஜியாங்கில் முசுக்கொட்டைப் பட்டையிலேயே காகிதம் எடுத்திருக்கிறார்கள். உடுமலைப்பேட்டையைச் சுற்றிப் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் ஏகப்பட்ட பேர், தழையைக் கிளையோடு வெட்டிப் போட்டுப் புழு தின்று முடித்ததும் மொட்டைக் குச்சி மிச்சம். அங்கே சொந்தக்காரப் பெரியப்பா ஒருவரிடம் கேட்டேன். "ஏங்கண்ணு, குச்சியா வேணும்? அடுப்பெரிக்கத்தான அடுக்கி வெச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ" என்றார். எதற்கு என்று சொன்னதும் இன்னும் சந்தேகமாகப் பார்த்தார்.

அன்றைக்கு வெட்டிய குச்சி என்றால் பட்டை கையோடு நீளமாக உரிந்து வருகிறது, ஆவி காட்ட வேண்டியதில்லை. காய்ந்த குச்சி வேலைக்கு ஆகாது, அதை எவ்வளவு வேகவைத்தாலும் பிடிவாதம்தான். கோசோ ஒரு வருட வளர்ச்சி, இதுவோ இரண்டு மூன்று மாதத் தளிர்க் கிளை, அதனால் பட்டை மெல்லிசு, ஒரு பெரிய கட்டுக்கு ஒரு கைப்பிடி நார் தேறும். பச்சை மேல்தோலை மொண்ணைக் கத்தியால் சுரண்டினேன். வேகவைக்கச் சலவைச் சோடா, ஆப்ப சோடா இல்லை. உலர்ந்த பட்டையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு போட்டேன். பாத்திரம் எவர்சில்வர்தான், அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும், கையுறையும் அவசியம். ஒரு துண்டை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்தால் பஞ்சாகப் பிரிய வேண்டும், அதுதான் பதம். அலசி அலசி வழவழப்புப் போனதும் வெள்ளைத் தட்டில் பரப்பித் துரும்பு பொறுக்கினேன். மினோவில் ஒரு பட்டறையில் வயதான பெண்கள் தண்ணீரில் கையை விட்டுக் குனிந்தபடியே இதைச் செய்துகொண்டிருந்தார்கள், அன்று அதைத் தாண்டிப் போய்விட்டேன். மொத்த வேலையில் முக்கால்வாசி நேரம் இதற்குத்தான் போகிறது என்பது இப்போது என் கழுத்துக்குத் தெரியும்.

நாரை அம்மிக்கல்லில் வைத்து மரச்சுத்தியால் தட்டினேன். மிக்சியில் போட்டால் நார் வெட்டுப்பட்டுக் குட்டையாகிவிடும், காகிதத் தட்டுபோல ஆகிவிட்டால் இவ்வளவு பாடுபட்டதற்கு அர்த்தமில்லை. ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கினால் உருண்டை எதுவும் தெரியக்கூடாது.

சட்டத்தைத் தெருத் தச்சர் செய்து கொடுத்தார். பாய்க்குச் சாப்பாட்டு மேசையில் விரிக்கும் மெல்லிய மூங்கில் விரிப்பு, அதன் மேல் திருப்பூரில் பனியன் அச்சுக்குப் பயன்படுத்தும் ஸ்க்ரீன் துணி. அசலான சுகேதாவிலும் சில வகைக் காகிதத்துக்குப் பட்டுச் சல்லாவை மேலே விரிப்பதுண்டு, அதனால் குற்ற உணர்ச்சி இல்லை.

இனி வெண்டைக்காய். முற்றல் காயே போதும், பொரியலுக்கு ஆகாதது. நறுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் பழைய வேட்டித் துணியில் பிழியாமல் தானாக வடிய விட்டேன். பிழிந்தால் பச்சைத் துணுக்கும் விதைத் தோலும் வந்துவிடும். அதே இழை, அதே போல அறுந்து சுருண்டது! தொட்டியில் கலந்ததும் நார் மிதந்து நின்றது. ஆனால் நெரிக்குச் சூடு ஆகாது, சூடேறினால் கொழகொழப்பு நீர்த்துவிடும். ஜப்பானில் குளிர்காலத்தில் எடுத்த காகிதத்துக்குத் தனி மதிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஊரில் பத்து மணிக்கு மேல் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகிறது, சட்டத்தைத் தூக்கியவுடனே தண்ணீர் மடமடவென்று இறங்கிவிடுகிறது, ஆட்ட நேரமே இல்லை. ஆகவே விடிவதற்கு முன் ஆரம்பித்து, தொட்டியில் ஐஸ் போட்டு, எட்டு மணிக்குள் முடித்துக்கொள்கிறேன். பால்காரர் தினமும் ஒரு மாதிரி பார்க்கிறார்.

காயவைக்க பீரோக் கதவு. ஈரக் காகிதத்தைப் பெயின்ட் பிரஷ்ஷால் நீவி ஒட்டினால் காய்ந்ததும் ஓரத்தில் நகம் கொடுத்து உரிக்கலாம், கதவைத் தொட்ட பக்கம் வழுவழுவென்று, மறுபக்கம் பிரஷ் கோடுகளோடு. நிறம் வெள்ளை இல்லை, இளமஞ்சள். மினோக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்தால் என்னுடையதில் மேகம் மேகமாகத் திட்டு தெரிகிறது, இடம் வல ஆட்டல் இன்னும் கை வரவில்லை. ஆனால் கிழித்துப் பார்த்தால் ஓரத்தில் மயிர் மயிராக நீளமான நார் நிற்கிறது, தைத்து இழுத்தால் ஊசித் துளை அகலவே இல்லை. நோட்டுத் தைக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்.

இன்னும் படியாதது அடுக்கி அழுத்துவது. துணி வைக்காமல் அடுக்கினால் மேலிருக்கும் சில உரிகின்றன, கீழே உள்ளவை ஒன்றாகிவிடுகின்றன. வெண்டைக்காய்க் கூழ் போதவில்லையா, நான் படுக்கவைக்கும்போது காற்று புகுந்துவிடுகிறதா, பார்க்க வேண்டும். இப்போதைக்குத் துணி வைத்தே அழுத்துகிறேன். மாடித் தொட்டியில் கஸ்தூரி வெண்டை விதைத்திருக்கிறேன், அதுவும் அதே பேரினம், வேரை நசுக்கிப் பார்க்கப் போகிறேன். செய்து பார்க்க நினைப்பவர்கள் முசுக்கொட்டைக் குச்சி கிடைத்தால் அன்றைக்கே உரித்துவிடுங்கள், உரித்த பட்டையைக் காயவைத்துக் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், கொதிக்கவைக்க நேரம் கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.