பொடி எழுத்துத் தேதி
டீக்கடைச் சுவரில் தினசரி காலண்டர். தமிழ்த் தேதிக்குக் கீழே, பொடி எழுத்தில் இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரியின் தேதி.

ஹிஜ்ரி ஆண்டின் முதல் நாளான முஹர்ரம் 1 அன்றுதான் நபிகள் மக்காவை விட்டுக் கிளம்பினார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை.

மதீனாவை அடுத்த குபாவுக்கு அவர் வந்து சேர்ந்தது மூன்றாம் மாதமான ரபீஉல் அவ்வலில், கி.பி. 622 செப்டம்பரில். ஆண்டுக் கணக்கு முடிவானதோ பிறகு, நபிகளுக்குப் பின் ஆட்சி செய்த கலீபா உமர் (634–644) காலத்தில். ஹிஜ்ரத், அதாவது நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன பயணம், நடந்த ஆண்டை 1 என்று எடுத்தார்கள். மாத வரிசையைக் கலைக்கவில்லை; முஹர்ரமே முதல் மாதம். அதனால் தொடக்கம் 622 ஜூலைக்குப் போய்விட்டது.

மாதங்கள் 12தான் என்கிறது குர்ஆன் (9:36). கூடுதல் மாதம் செருகும் பேச்சே இல்லை. ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். அதனால் ஆங்கிலக் காலண்டரில் ரமலான் ஆண்டுதோறும் சுமார் 10, 11 நாள் முன்னால் நகரும். எல்லாப் பருவங்களையும் கடந்து ஒரு சுற்று வரச் சுமார் 33 ஆண்டு.

காலண்டர் முன்கூட்டியே அச்சாகிவிடும். மாதமோ பிறை தெரிந்தால்தான் பிறக்கும். 29ஆம் நாள் மாலை மேகம் மூடினால் 30ஆக நிறைவு செய்வார்கள்.

அந்தப் பொடி எழுத்து ஒரு நாள் பிசகினால் அச்சகத்தைத் திட்டாதீர்கள்.