தர்பூசணி நாட்கள்

நேற்று ராத்திரி ‘தண்ணீர் மத்தன் தினங்கள்’ மறுபடியும் பார்த்தேன். 2019-ல் கிரீஷ் ஏ.டி. எடுத்த மலையாளப் படம், தண்ணீர் மத்தன் என்றால் நம்ம தர்பூசணிதான். பிளஸ் டூ பசங்க, ஒரு ஜூஸ் கடை, கீர்த்தி மேல் ஜெய்சனுக்கு வரும் காதல், அப்புறம் எல்லோரும் கொண்டாடும் புது வாத்தியாரை அவனுக்கு மட்டும் பிடிக்காமல் போவது. விழுந்து விழுந்து சிரித்தேன், ஆனால் அவன் சொல்வதை யாருமே நம்பாத இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

தண்டையார்பேட்டையில் எங்கள் பள்ளி கேட்டுக்கு வெளியே ஒரு அக்கா தள்ளுவண்டியில் தர்பூசணி விற்பார். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கீற்றைக் கடித்தால் சாறு முழங்கை வரை வழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டும். காசு இல்லையென்றால், “பரீட்சை முடிச்சிட்டு வந்து குடு கண்ணு” என்பார்.

வட சென்னை என்றாலே கத்தியும் ரத்தமுமாகத்தான் படம் எடுக்கிறார்கள். சைக்கிளில் டபுள்ஸ் போய், தெருமுனையில் கேரம் ஆடி, ராத்திரி மொட்டைமாடியில் பப்ளிக் எக்ஸாமுக்குப் படிக்கும் ராயபுரம், வியாசர்பாடி பசங்களுக்கும் இப்படி ஒரு படம் வேணும். யாராவது எடுங்கப்பா. அந்த அக்காவும் தள்ளுவண்டியோடு ஒரு காட்சியில் வரணும்.