அந்த ஒரு வருஷம் கணக்கில் வருமா?

பாளையங்கோட்டையில் பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாரிசுச் சான்றிதழ், டிஎன்பிஎஸ்சி, பாஸ்போர்ட் என்று நான் நிரப்பாத ஃபாரம் கிடையாது. அந்தத் திமிரில்தான், 2025 பிப்ரவரியில் தங்கச்சி மகன் லேப்டாப்போடு வந்தபோது, "கொண்டால, பத்து நிமிஷம்" என்றேன். மூன்று வாரம் ஆனது.

அவன் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவன். அமெரிக்கக் காலேஜில் ஓடிக்கொண்டே படிக்க ஆசை. அண்ணா ஸ்டேடியத்தில் 1 நிமிடம் 53 விநாடியில் ஓடிய வீடியோவை அங்கே இருக்கிற காலேஜ் கோச்சுகளுக்கெல்லாம் அனுப்பியிருந்தான். பதில் போட்டது டெக்சாஸில் ஒரு ஜூனியர் காலேஜ் கோச் மட்டும்.

"பம்பாயில பதினொண்ணு பன்னெண்டுக்குத்தாம்லா அந்தப் பேரு. திரும்பவும் பிளஸ் டூ படிக்கவா பிள்ளைய பிளேன் ஏத்துதிய?" என்றார் மாப்பிள்ளை, தங்கச்சி வீட்டுக்காரர். தாராவியில் இருபது வருஷம் கடை வைத்திருந்தவர்.

அங்கே அது பிளஸ் டூவுக்கு அப்புறம் இரண்டு வருஷம். அசோசியேட் டிகிரி தருவார்கள்; அதை வைத்து நாலு வருஷக் காலேஜில் மூன்றாம் வருஷம் சேரலாம். ஜூனியர் காலேஜ் விளையாட்டைப் பார்த்துக்கொள்வது என்ஜேசிஏஏ என்ற அமைப்பு, பெரிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டைப் பார்த்துக்கொள்வது என்சிஏஏ என்ற அமைப்பு.

நேரே பெரிய இடத்துக்கே போகலாமே என்றுதான் முதலில் முட்டினோம். என்சிஏஏவுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் காட்ட வேண்டும். இவன் ஒன்பதாவது படித்தது 2020 மார்ச் வரை. பரீட்சையே நடக்காமல் எல்லாரும் பாஸ். பத்தாவது 2021; அதுவும் கொரோனா பாஸ். அந்தச் சான்றிதழை எடுத்து ஸ்கேனரில் வைத்தேன். பாடத்துக்கு நேரே நம்பரே இல்லை, தேர்ச்சி என்று மட்டும். இண்டியானாபோலிஸில் என்சிஏஏ ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இதை எப்படி விளக்க? ஜூனியர் காலேஜுக்கு இந்தத் தலைவலி இல்லை, பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். சரி, டெக்சாஸ்தான் என்று முடிவானது.

அப்புறம்தான் என் தலையில் இடி. 2023-ல் பிளஸ் டூ முடித்ததும், சும்மா வீட்டில் கிடக்க வேண்டாமே என்று நான்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போய் பி.காம் சேர்த்துவிட்டேன். என்சிஏஏவின் மேல்தட்டுப் பிரிவான டிவிஷன் ஒன்றில், அன்றைய விதிப்படி, உலகத்தில் எந்த மூலையில் முழுநேரமாகக் காலேஜில் சேர்ந்தாலும் விளையாடுவதற்கான அஞ்சு வருஷக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுமாம். அதற்குள் நாலு சீசன்தான் போட்டியில் இறங்கலாம். நடுவில் படிப்பை விட்டாலும் கடிகாரம் நிற்காது. இவன் ஒரு வருஷத்தில் பி.காமை விட்டுவிட்டு என் கடையில் லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தான். வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தோம். கடிகாரம் 2028 வரை. டெக்சாஸ் 2027-ல் முடியும். மிச்சம் ஒரே வருஷம்.

"நீங்க என்ன மாமா செய்வீங்க" என்றான். அது திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டியேகோ பாவியா என்கிற வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆட்டக்காரர், ஜூனியர் காலேஜில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய வருஷங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கோர்ட்டுக்குப் போய், 2024 டிசம்பரில் இன்னொரு சீசன் ஆட உத்தரவு வாங்கிவிட்டார். இதைக் கேட்டதும் மாப்பிள்ளை, நாமும் கேஸ் போடலாமா, நம்ம வக்கீல் இருக்காரே என்று ஆரம்பித்தார். நம்ம வக்கீல் பார்ப்பது வேலித் தகராறு.

வழியைக் கண்டுபிடித்தது பையன்தான். என்சிஏஏவின் அடுத்த தட்டான டிவிஷன் இரண்டில் காலண்டரைப் பார்ப்பதில்லை. முழுநேரமாகப் படித்த செமஸ்டரைத்தான் எண்ணுகிறார்கள், மொத்தம் பத்து. பி.காமில் இரண்டு, டெக்சாஸில் நாலு, மிச்சம் நாலு. லேமினேஷன் வருஷம் கணக்கிலேயே வராது.

சீசனும் மிஞ்சுகிறது. பி.காம் வருஷத்தில் காலேஜுக்காக ஓடியிருந்தால் ஒரு சீசன் போயிருக்கும். ஆனால் அந்த வருஷம் பின்தொடை சதை இழுத்து ஒரு போட்டியிலும் இறங்கவில்லை. அன்றைக்குத் தங்கச்சி அழுத அழுகை! கால் சரியாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலில் பொங்கல் வைத்தாள். இப்போது அந்தச் சதைப்பிடிப்பே சாஸ்தா கொடுத்ததுதான் என்கிறாள். நான் எதிர்த்துப் பேசவில்லை.

ஆகஸ்டில் போய்விட்டான். இப்போதெல்லாம் காலேஜ் அப்ளிகேஷன் போட யார் வந்தாலும், டைப் அடிக்கும் முன்னால், "தம்பி, ஓட்டம் சாட்டம் ஏதும் உண்டா?" என்று கேட்கிறேன்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கா அண்ணாச்சி?"

ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். விளக்க ஆரம்பித்தால் பின்னால் நிற்கிறவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.