உப்புக் கணக்கும் ஓதக் கணக்கும்

கடலோர விடுதியின் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்கள், கடலைப் பார்த்த பக்கம்தான் முதலில் கெடும் என்று நினைப்பார்கள். அது பாதிதான் சரி. மழை படும் இடத்தை மழையே கழுவிவிடுகிறது. சன்ஷேடுக்கு அடியிலும், கைப்பிடிக் கம்பியின் கீழ்ப்புறத்திலும், கதவுக் கீலின் பின்னாலும் படிந்த உப்பு அப்படியே கிடக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே கசியத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே நசநசக்கும். துரு ஏற அது போதும். அதனால் விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டியது மறைவான இடங்களைத்தான்.

அதிகம் அடிவாங்குவது ஏசியின் அவுட்டோர் யூனிட். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டும் இடத்தில் உப்புநீர் புகுந்தால், அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் கம்ப்ரசர் திணறும், அறையோ குளிராது. கடலைப் பார்த்த வரிசைக்கு வாரம் ஒருமுறை கழுவல் வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, மெல்லிய அழுத்தத்தில், உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட வேண்டும். பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கழுவுவதே கெடுதல். முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள்.

கைப்பிடிக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் பழுப்புக் கறை வரும். மாலிப்டினம் கலந்த 316 தாங்கும், ஆனால் அதையும் கழுவத்தான் வேண்டும். கம்பி நார் போட்டுத் தேய்க்கவே கூடாது.

வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்கு வேறொரு கணக்கு, கடல் நீர் ஏறி இறங்கும் ஓதத்தின் கணக்கு. பக்கத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று அறையில் வைக்கும் தாளில் தூரம் இருக்கும், நேரம் இருக்காது. பாறைக் குட்டைகளுக்கும் மணல்திட்டுக்கும் நேரம்தான் முக்கியம். நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடலில் வற்றம், அதாவது நீர் மிகத் தாழ்ந்து நிற்கும் நேரம், தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று எழுதிய பலகை இன்று தப்பு. நீர் சீராகவும் ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். மூன்றாவது, நான்காவது மணிகளில் மட்டும் பாதி ஏறிவிடும். முதல் மணியின் அமைதியைப் பார்த்து ஏமாந்தவர்கள் பாறையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே பலகையில் வற்றத்தின் நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கிளம்புங்கள், வற்றம் ஆனதும் திரும்புங்கள் என்று இரண்டு நேரங்களையும் எழுத வேண்டும், திரும்பும் நேரத்தைப் பெரிய எழுத்தில்.