யாரும் குழாய் திறக்காதபோது ஓடிய பம்ப்

எல்லோரும் தூங்கிய பிறகு, ஒரு குழாய்கூடத் திறந்திருக்காத நேரத்தில், பிரஷர் பம்ப் தானாகக் கிளம்பிச் சில நொடி ஓடி நின்றது. கால் மணி நேரம் கழித்து மறுபடியும். மூன்றாவது முறை கேட்டதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு பம்ப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இதைக் கொஞ்ச நாள் போகட்டும் என்று விடக் கூடாது. மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று (வைண்டிங்) சூடேறும், அழுத்தம் குறைந்ததும் மோட்டாரைப் போடும் பிரஷர் சுவிட்சின் காண்டாக்டுகள் கருகும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது மோட்டார் விட்டு விட்டு ஓடினால், பெரும்பாலும் பிரஷர் டேங்கில், அதாவது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சின்ன டேங்கில், காற்று குறைந்திருக்கும். எல்லாம் மூடியிருக்கும்போதே ஓடினால், தண்ணீர் எங்கோ போகிறது. வீட்டுப் பக்கமா, வந்த வழியே திரும்பியா? அது தெரியாமல் ஸ்பேனரைத் தொடுவதில் பயன் இல்லை.

பிரஷர் டேங்கைத் தாண்டி வீட்டுக்குள் போகும் பைப்பின் வால்வை மூடினேன். அழுத்தம் காட்டும் கேஜ் 40 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) காட்டியது. முள் அங்கேயே நின்றிருந்தால் ஃபிளஷ் டேங்கையும் சுவருக்குள் போகும் பைப்பையும் சந்தேகப்பட்டிருப்பேன். பத்து நிமிடத்தில் 28-க்கு இறங்கிவிட்டது. தரை காய்ந்திருந்தது, பம்ப் சீல் பக்கமும் ஈரம் இல்லை. எங்கள் தொட்டி பம்ப்பைவிட உயரத்தில் இருப்பதால், உறிஞ்சும் பைப்பின் அடிமுனையில் மாட்டும் ஃபுட் வால்வு கிடையாது. தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுப்பது ஒரே ஒரு செக் வால்வுதான். ஸ்குரூடிரைவர் முனையை அதன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். சன்னமாக 'ஸ்ஸ்' என்று ஓடிக்கொண்டே இருந்தது.

காலையில் மெயின் சுவிட்சை அணைத்து, தொட்டி வால்வையும் மூடி, ஒரு குழாயைத் திறந்து கேஜ் பூஜ்ஜியம் ஆகும்வரை காத்திருந்தேன். அப்புறம்தான் பைப்பை இணைக்கும் யூனியனைக் கழற்றினேன். வால்வுக்குள், ரப்பருக்கும் அது வந்து உட்காரும் சீட்டுக்கும் நடுவே, வெள்ளையாக ஒரு நூல். டெஃப்லான் டேப்! முன்பு மரை பிதுங்கும்படி சுற்றிய டேப்பில் ஒரு இழை பிய்ந்து உள்ளே போயிருக்கிறது. டேப் சுற்றும்போது முனையில் முதல் மரையை விட்டுவிட்டுத் தொடங்குங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இழையை எடுத்ததோடு வேலை முடியவில்லை. அது அழுந்திய இடத்தில் ரப்பரில் ஒரு தடம் விழுந்திருந்தது. மணலோ உப்புப் படிவோ மட்டும் என்றால் கழுவி மாட்டிப் பார்க்கலாம். ரப்பரில் தடமோ சீட்டில் கீறலோ இருந்தால் கழுவி மாட்டுவது வீண். அதனால் புதிதாக ஸ்பிரிங் வகை வால்வே போட்டேன். அதை எந்த வாட்டத்திலும் மாட்டலாம். மடல் திறந்து மூடும் ஸ்விங் வகை அப்படியல்ல: படுக்கையாகவோ, தண்ணீர் மேல்நோக்கி ஏறும் பைப்பிலோதான் வைக்க வேண்டும். எதுவானாலும் உடம்பில் போட்டிருக்கும் அம்புக்குறி, தண்ணீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும்.

அன்று இரவு 10 மணிக்கு வீட்டு வால்வை மூடி, கேஜ் கண்ணாடியில் முள் நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். காலை 6 மணிக்கும் முள் கோட்டின் மேலேயே இருந்தது.

கிணற்றிலிருந்தோ தரைக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்தோ உறிஞ்சும் பம்ப்பில் அறிகுறி வேறு. நிறுத்திவிட்டு மறுபடி போடும்போது தண்ணீர் ஏறாது, பம்ப்பில் ஊற்றி நிரப்ப வேண்டியிருக்கும். நிரப்பிய பிறகு மூடியைத் திறந்தே வைத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். தண்ணீர் மளமளவென்று இறங்கினால் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. இறங்காமல் நின்றால் அதை வெளியே இழுக்க அவசரப்படாதீர்கள். உறிஞ்சும் பைப்பின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பம்ப் ஓடும்போது அங்கே எங்கோ காற்று புகுந்துகொண்டிருக்கும்.