முனைவர் பட்ட நேர்காணல்: பேராசிரியர் என்ன ஆராய்கிறார் என்பதற்கு முன் என்ன நடத்துகிறார் என்று பாருங்கள்

சென்ற வாரம் சேர்க்கைக் கடிதம் வந்தது. நான்கு நேர்காணல்களுக்கும் மூன்று நிராகரிப்புகளுக்கும் பிறகு வந்தது என்பதால், அதைத் திறந்தபோது மகிழ்ச்சியைவிடக் களைப்புதான் அதிகமாக இருந்தது. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை பெறுவது எப்படி என்று எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். எந்தப் பகுதியில் எத்தனை வினாக்களைத் தொட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரிந்ததே. ஜேஆர்எஃப் கையில் இருந்தும் நேர்காணலில் தோற்றுக்கொண்டே இருந்தவன் என்ற முறையில், சேர விரும்பும் துறையின் பேராசிரியர்களைப் பற்றி எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவன். அங்கே ஆசிரியர் என்றால் பாடம் நடத்துபவர். ஆராய்ச்சி என்பது நேரமும் வேதிப்பொருளும் கிடைத்தால் நடக்கும் காரியம். பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களில் இது அப்படியே தலைகீழாக இருக்கும், அங்குள்ளவர்கள் ஆராய்ச்சியாளர்கள், பாடம் நடத்துவது அவர்களுக்குத் தொந்தரவு என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். என் முதல் தோல்விக்கு வேர் இந்த நினைப்புதான்.

முதல் நேர்காணலுக்காக ஒரு குறிப்பேடு போட்டேன். துறையின் இணையதளத்தில் இருந்த இருபத்து மூன்று பேராசிரியர்களின் பெயர்களையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆராய்ச்சி ஆர்வங்கள் என்ற தலைப்பின் கீழ் இருந்த வரிகளை மூன்று வாரம் உட்கார்ந்து பிரதி எடுத்தேன். அதே பக்கத்தில் நடத்தும் பாடங்கள் என்று இன்னொரு பட்டியல் இருந்தது. அதை ஒருமுறைகூட முழுதாகப் படிக்கவில்லை.

அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். எந்தப் பகுதியில் ஆர்வம் என்று கேட்டார்கள், ஒளிவேதியியல் என்றேன். எதிரே இருந்த அம்மையாரின் பக்கத்தில் ஒளிர்வு உணரிகள் என்று எழுதியிருந்ததால், அவருடைய உணரி ஆராய்ச்சி என்னைக் கவர்ந்தது என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்த வேலையை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன, இப்போது மின்கலப் பொருள்களில் வேலை செய்கிறேன் என்று அவர் அமைதியாகச் சொன்னார். அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பேன். அதுவரை பேசாமல் இடது ஓரத்தில் இருந்தவர், பியூட்டாடயீன் மூலக்கூறின் எலக்ட்ரான் ஆற்றல்களைக் கணக்கிட உதவும் ஹுக்கெல் அணிக்கோவையை எழுதச் சொன்னார். எழுதினேன். ஆற்றல் மட்டங்களைக் கேட்டார். ஆல்ஃபாவுடன் பீட்டாவின் 1.618 மடங்கைக் கூட்டியும் கழித்தும் இரண்டு, 0.618 மடங்கைக் கூட்டியும் கழித்தும் இரண்டு என்று மனப்பாடமாக எழுதினேன். அந்த 1.618 எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

அந்த அணிக்கோவையை விரித்தால் ஒரு நான்காம் படிச் சமன்பாடு வரும். அதில் ஒற்றைப்படை அடுக்குகள் இல்லாததால் வர்க்கத்தையே மாறியாக எடுத்துக்கொண்டு, பத்தாம் வகுப்பில் படித்த இருபடிச் சமன்பாடாகத் தீர்த்துவிடலாம். ஐந்தின் வர்க்கமூலம் வெளியே வந்து நிற்கும். இதை அன்றிரவு ரயிலில் இரண்டே நிமிடத்தில் செய்தேன். அறைக்குள் கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது கை ஓடவில்லை.

ஊருக்கு வந்து அதே இணையதளத்தை மறுபடி பார்த்தபோதுதான், இடது ஓரத்தில் இருந்தவர் தொடர்ந்து பல பருவங்களாக முதலாண்டு மாணவர்களுக்குக் குவாண்டம் வேதியியல் நடத்திவருகிறார் என்பது கால அட்டவணையில் தெரிந்தது. அவருடைய ஆராய்ச்சியோ புரதங்களின் கணினி மாதிரியாக்கம். நான் அதைத்தான் படித்துக்கொண்டு போயிருந்தேன். ஒரு பேராசிரியர் தம் ஆராய்ச்சியிலிருந்து கேள்வி கேட்டால் பெரும்பாலான மாணவர்களால் பதில் சொல்ல முடியாது என்பது அவருக்கே தெரியும். ஆகவே வகுப்பில் கரும்பலகையில் பல முறை எழுதிய, மாணவர்கள் எந்த இடத்தில் சறுக்குவார்கள் என்று தமக்கு நன்றாகத் தெரிந்த பகுதியிலிருந்துதான் கேட்கிறார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று.

இரண்டாவது நேர்காணலில் கெட்டது வேறு விதம். நான் சேர விரும்பிய பேராசிரியர் ஓய்வுபெற இரண்டே ஆண்டுகள் இருந்தன. அவர் புதிய மாணவர்களை எடுப்பதில்லை என்று குழு சொன்ன பிறகு எனக்கு அடுத்த பெயர் சொல்லத் தெரியவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரைச் சேர்த்துக்கொள்ள இயலாது. ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்டவும் முடியாது. ஐஐடி போன்றவற்றுக்குச் சொந்த விதிகள் உண்டு என்றாலும், இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போவது நல்லது. மூன்றாவது நேர்காணலுக்குக் காய்ச்சலோடு போனேன். அதில் எழுத ஒன்றுமில்லை.

நான்காவதற்கு முன் குறிப்பேட்டை இரண்டு பத்தியாகப் பிரித்தேன். இடப்பக்கம் கடந்த நான்கு பருவங்களில் ஒவ்வொரு பேராசிரியரும் நடத்திய பாடங்கள், வலப்பக்கம் கடந்த மூன்று ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள். நேரத்தில் முக்கால் பங்கை இடப்பக்கத்துக்கே செலவழித்தேன். பாடத்திட்டக் கோப்புகளும் பழைய பருவத் தேர்வு வினாத்தாள்களும் துறைத் தளங்களிலேயே கிடக்கின்றன. ஐஐடி, ஐஐஎஸ்சி ஆசிரியர்கள் பலர் காணொளிப் பாடங்களுக்கான என்பிடெல் தளத்தில் முழுப் பாடமே நடத்தியிருக்கிறார்கள். ஒருவர் எந்த இடத்தில் நிறுத்தி, இது ஏன் என்று வகுப்பைக் கேட்கிறார் என்பதைக் காணொளியில் கவனித்தால், நேர்காணலில் அவர் எப்படிக் கேட்பார் என்பதும் ஓரளவு புரிந்துவிடும்.

அன்று குழுவில் ஒருவர் மின்வேதியியல் நடத்துபவர், இன்னொருவர் மூலக்கூறுகளின் சமச்சீரைப் பேசும் குரூப் தியரி நடத்துபவர். இருவரும் ஃபெரோசீன் என்ற ஒரே சேர்மத்தை வைத்து என்னை இருபத்தைந்து நிமிடம் பிடித்துக்கொண்டார்கள். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சைக்ளிக் வோல்டாமெட்ரியில் ஒற்றை எலக்ட்ரான் மீள்வினைக்கு இரண்டு உச்சங்களுக்கும் இடையே 25 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் இருக்க வேண்டும். உன் சேர்மத்துக்கு 120 வருகிறது என்றால் என்ன சொல்வாய் என்று முதலாமவர் கேட்டார். எலக்ட்ரான் பரிமாற்றம் மந்தமாக இருக்கலாம் அல்லது கரைசலின் மின்தடை காரணமாக இருக்கலாம்; அதே கரைசலில் ஃபெரோசீனைச் சேர்த்து ஓட்டி, அதன் இடைவெளியும் அதே போல விரிந்திருந்தால் தடையைச் சந்தேகிப்பேன் என்றேன். மற்றவர் அதே ஃபெரோசீனின் இரு வளையங்களும் நேருக்கு நேர் இருந்தால் எந்தப் புள்ளிக்குலம் (சமச்சீர் வகை), விலகி இருந்தால் எது, எதில் தலைகீழாக்க மையம் உண்டு என்று கேட்டார். முதலாவது டி5எச், இரண்டாவது டி5டி, மையம் இருப்பது இரண்டாவதில். ஆராய்ச்சியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது. அதுவும் கடைசியில், எல்லோரும் தேநீர்க் கோப்பையை எடுத்த பிறகு.

இயற்பியல் நண்பர்களுக்கு என் அறைத்தோழனின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவன் ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு வழியாகப் போனவன். ஆர்வம் கண்டென்ஸ்டு மேட்டர் என்று சொல்லிவிட்டு, அந்தப் பிரிவில் ஆராயப்படும் டோபாலஜிக்கல் இன்சுலேட்டர்களைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவே தயாரித்து வைத்திருந்தான். குழுவில் திண்மநிலை இயற்பியல் நடத்துபவர் கேட்டது, தாழ்ந்த வெப்பநிலையில் ஓர் உலோகத்தின் வெப்ப ஏற்புத்திறன் எப்படி மாறும் என்பதை. எலக்ட்ரான்களின் பங்கு வெப்பநிலைக்கு நேர் விகிதத்திலும், படிகக் கூட்டின் அதிர்வுகளுடைய பங்கு வெப்பநிலையின் மூன்றாம் அடுக்குக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். ஆகவே ஏற்புத்திறனை வெப்பநிலையால் வகுத்து, வெப்பநிலையின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும், அதன் வெட்டுத்துண்டிலிருந்து எலக்ட்ரான் பங்கைப் படிக்கலாம். அவன் இதைச் சரியாகச் செய்தான். சொற்பொழிவை யாரும் கேட்கவில்லை. இயற்பியலில் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும்: பேராசிரியர் கோட்பாட்டாளரா, பரிசோதனையாளரா என்பது. கோட்பாட்டு ஆராய்ச்சிக்கான, தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்துவிட்டு லேசர் ஆய்வகம் வேண்டும் என்று சொல்லக் கூடாது.

பேராசிரியரின் பக்கத்தைப் படிக்கும்போது நான் கடைப்பிடித்தவை:

- ஆர்வங்கள் என்ற வரிகளுக்குத் தேதி இருக்காது. வேலையில் சேர்ந்த நாளில் எழுதியதாகவே கொள்ளவும்.
- கட்டுரையில் அவர் தொடர்பு ஆசிரியரா (அந்த ஆய்வுக்குப் பொறுப்பானவரா), பலரில் ஒருவரா என்று பார்க்கவும். கூட்டு வேலையை அவருடைய துறை என்று எண்ணி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.
- பல்கலைக்கழகப் பேராசிரியர் என்றால், ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகளைத் தேடவும். பொருளடக்கம் போதும். ஐந்து ஆண்டுகள் நீங்கள் எந்தக் கருவியின் முன் உட்காரப் போகிறீர்கள் என்பது அங்கே தெரியும்.
- பொருளறிவியல், நானோ, ஆற்றல் என்ற சொற்களை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.
- மாதிரி நேர்காணல் வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

கடைசியாகச் சொன்னது என் சுபாவத்தால் வந்த கருத்தாக இருக்கலாம். எனக்குப் பலர் முன் பேசுவது ஆகாது. தனியாக உட்கார்ந்து எழுதினால்தான் எதுவும் தலையில் ஏறும். வாய்விட்டுப் பேசிப் பழகினால் தெளிவு பெறுகிறவர்கள் தாராளமாகப் போகலாம். அப்படிப்பட்டவர்களும் கரும்பலகையில் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் தாளில் எழுதுகிற கை வேறு, பலகையில் எழுதுகிற கை வேறு.

எங்கள் கல்லூரியைப் போன்ற இடத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. சில பல்கலைக்கழகத் தளங்களில் யார் எந்தப் பாடம் நடத்துகிறார் என்பதே இருக்காது. அங்கே படிக்கும் மூத்த மாணவர் ஒருவருக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். நான் எழுதிய ஆறு பேரில் நால்வர் பதில் போட்டார்கள். ஒருவர் தம் வகுப்புக் குறிப்புகளையே படம் எடுத்து அனுப்பினார்.

குறிப்பேட்டை இந்த ஆண்டு ஜேஆர்எஃப் பெற்ற எங்கள் கல்லூரித் தங்கை ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறேன். பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பத்திகளையும் புதிதாக எழுதச் சொன்னேன். அந்தத் துறையில் கால அட்டவணை இந்தப் பருவத்தில் மாறிவிட்டது, குவாண்டம் வேதியியலை இப்போது வேறொருவர் நடத்துகிறார்.