நூல் கண்ணியும் ஃபைகிங்கன் கூடாரமும்

பழைய மாணவர் மலருக்கு எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். விளையாட்டுப் போட்டியையும் விடுதிச் சாப்பாட்டையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் செய்த ஒரேயொரு பரிசோதனையைப் பற்றி எழுதுகிறேன்.

உயர்தர விஞ்ஞானப் பிரிவில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். கம்பி வளையத்தில் நூலால் தளர்வாக ஒரு கண்ணி கட்டியிருக்கும். சவர்க்காரக் கரைசலில் தோய்த்து எடுத்தால், படலத்தின் மேல் அந்த நூல் கோணல்மாணலாகக் கிடக்கும். கண்ணிக்குள் இருக்கும் படலத்தை மட்டும் ஊசியால் குத்தினால், நூல் சட்டென்று முழு வட்டமாகும். வெளியே எஞ்சிய படலம் தன் பரப்பைக் குறைக்கப் பார்க்கிறது. அதற்கு நடுவில் உள்ள ஓட்டை எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக வேண்டும். ஒரே நீள நூலால் மிகப் பெரிய இடத்தை அடைப்பது வட்டம்தான். சேர் விளக்கினார், நாங்கள் ‘மேற்பரப்பிழுவை’ என்று தலைப்புப் போட்டுக் கொப்பியில் எழுதினோம். சோதனைக்கு வரும் என்பதற்கு மேல் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஜேர்மனிக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு, மகள் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தாள். ஃபைகிங்கன் வளாகத்தில் ஒரு கூடாரத்தைக் காட்டினாள். ஒற்றைக் கம்பத்திலிருந்து சரிந்து இறங்கும் கூரை. அதில் கண்ணீர்த்துளி வடிவில் பெரிய கண்ணாடித் திறப்பு.

“அப்பா, இது சவர்க்காரப் படலத்திலை நூல் போட்டுப் பிடிச்ச வடிவம்.”

வடிவமைத்தவர் ஃபிரை ஓட்டோ (1925–2015). இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்து, பிரான்சில் சார்த் நகருக்கு அருகே போர்க்கைதியானவர். அங்கே முகாமின் கட்டட வேலைகளைக் கவனித்தபோது, மிகக் குறைந்த பொருளில் கட்டப் பழகினார். மெல்லிய கட்டமைப்புகளை ஆராயும் நிறுவனத்தை 1964இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கினார். இந்தக் கூடாரம், 1967 மொன்றியல் உலகக் கண்காட்சியின் ஜேர்மன் மண்டபத்துக்கு முன்னோட்டமாகக் கட்டிப் பார்த்தது. பிறகு நிறுவனத்துக்கே வீடாகிவிட்டது.

கூடாரக் கூரையை ஒரு கம்பத்தின் நுனியில் தூக்கினால், இழுவை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவியும். சவர்க்காரப் படலம் அதைத் தாங்கவே தாங்காது, உடைந்துவிடும். ஓட்டோ புள்ளியில் பிடிக்காமல் நூல் கண்ணியில் பிடித்தார். கண்ணிக்குள் இருந்த படலத்தை உடைத்தார், பிறகு நூலை மேலே தூக்கினார். பாரம் நூல் முழுவதும் பரவியது. வட்டமாக நிற்க வேண்டிய கண்ணி நீண்டு துளியானது. உண்மைக் கட்டடத்தில் நூலுக்குப் பதில் உருக்கு வடம், படலத்துக்குப் பதில் வடங்களால் பின்னிய வலை. அழகுக்காக யாரும் வரைந்த வளைவு இல்லை அது. படலம் தானே நின்று காட்டிய வளைவு.

படலம் காய்ந்து உடையாமல் இருக்க ஈரப்பதமான அறைக்குள் வைத்துப் படம் எடுத்து அளந்தார்களாம். எங்கள் ஆய்வுகூடத்து மின்விசிறிக்கு அடியில் சேர் பட்ட பாடு ஞாபகம் வந்தது!

பெயர் பெற்றது என்னவோ 1972 மியூனிச் ஒலிம்பிக் கூரைதான். கட்டடக்கலைஞர் குந்தர் பேனிஷின் குழுவோடு ஓட்டோ சேர்ந்து செய்தது, ஏறத்தாழ 75,000 சதுர மீற்றர். அவ்வளவு பெரிய கூரைக்குச் சின்ன மாதிரியில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலும் வடத்தின் நீளம் பல சென்ரிமீற்றர் தவறிப்போகும். அதனால் கிளவுஸ் லிங்க்விட்ஸ் முதலியோர் கணினியில் கணக்குப் போட வேண்டி வந்தது. பெரிய சாதனைதான், ஆனால் கனத்த கம்பங்களும் அக்ரிலிக் தகடுகளும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஃபைகிங்கன் கூடாரம்தான் கைக்கு அடக்கமானது.

ஸ்டுட்கார்ட் பக்கம் வரும் பழைய மாணவர்கள் எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் வந்து பல்கலைக்கழக நிலையத்தில் இறங்கி நடந்தே போய்ப் பார்க்கலாம். பௌதிகவியலில் கோட்டை விட்டவர்களும் வரலாம்.